செவலைக்காக ஒரு புகார்

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே நான் போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொன்னவள். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்தப் பெருமை கிடையாது.

சங்கராபுரம் கடைத்தெருவில் சித்தி தையல் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் அங்கேதான் இருப்பேன். பக்கத்தில் பரோட்டாக் கடை. அதன் வாசல் ஈரத்தில் ஒரு தெருநாய், செவலைப் பெட்டை, வந்து படுக்கும். சித்திக்கு நாயென்றால் ஆகாது. துணிப் பக்கம் வந்தால் ஸ்கேலைத் தட்டி விரட்டுவார்.

ஒரு சாயங்காலம் பரோட்டாக் கடைக்காரர் அடுப்பிலிருந்து குண்டானை இறக்கி, தூங்கிக்கொண்டிருந்த செவலையின் முதுகில் கொதிநீரை ஊற்றினார். அது போட்ட சத்தம் நாய் போடுகிற சத்தமாகவே இல்லை. என் கையிலிருந்த பொத்தான் டப்பா கவிழ்ந்துவிட்டது.

சித்தி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

"இன்னாண்ணே இது? வாயில்லா ஜீவன் மேல கொதிக்கிற தண்ணிய ஊத்திக்கினு?"

"தெனம் வந்து படுக்குது, யாவாரம் கெடுது. நீ எங்க நின்னுக்கினு பேசுறேன்னு பாத்துப் பேசு."

சித்தி நின்றது பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில். சூடு பட்டுவிடப் போகிறதே என்ற அக்கறையில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சித்தி கடைக்குள் போய்க் குடத்தை எடுத்து வந்தார். சாக்கடையோரம் நடுங்கிக்கொண்டிருந்த செவலையின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். கடிக்காமலிருக்க அதன் வாயை நாடாவால் கட்டி, ஈரத்துணியில் சுற்றி, ஆட்டோவில் மாட்டு டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் சாட்சிக்கு வரச்சொல்லி எதிரே இருந்த பூக்காரம்மாவையும் சைக்கிள் கடைக்காரரையும் கூப்பிட்டார். "நான் பாக்கலியே" என்றார்கள் இருவரும். அவர்கள் பார்த்ததை நான் பார்த்திருந்தேன். பாவம், கண்ணாடி போடவேண்டியவர்கள் போலிருக்கிறது.

கடைசியில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

"நீ பாத்தியாம்மா? எந்தக் கையால ஊத்துனாரு?" என்று கேட்டார் அங்கிருந்த பெண் போலீஸ்.

"ரெண்டு கையாலயும். கரித்துணி போட்டுப் புடிச்சிக்கினு ஊத்துனாரு."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். "நாயின்னாலும் கேஸ் கேஸுதான்" என்றார். கடைக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நாயைப் பார்த்துக் கல்லைக் குனிந்து எடுப்பவர்கள்கூட முதலில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செவலை பிழைத்துக்கொண்டது. முதுகில் மட்டும் முடி முளைக்கவே இல்லை.

அடுத்த மாதம் சித்தியின் மிஷினும் துணி மூட்டைகளும் ஒரு டெம்போவில் ஏறின. கடை இனி எங்கள் வீட்டு முன்னறையில் என்றார்கள். பின்னால் மூட்டை மேல் நான், காலடியில் செவலை. ஜெயித்ததற்கு ஊர்வலம் போகிறோம் என்றே நினைத்து, தெருவில் எல்லாருக்கும் கை காட்டினேன்.

"மெதுவா போப்பா, நாயி கீயி உழுந்துறப் போவுது" என்று முன்னாலிருந்து டிரைவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார் சித்தி.

சித்தியின் கடை இருந்த கட்டடமே பரோட்டாக் கடைக்காரருடையது என்பதும், மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தபோதே சித்திக்கு அது தெரியும் என்பதும் எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின.