பிக்கப் குடித்த பெட்ரோலும் அந்தோணி சுமந்த பழியும்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஒருவர் குறையை மறைத்தால் அல்லாஹ் நம் குறையை மறைப்பான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் வாய் திறக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை வரைக்கும்.

ஜும்ஆ தொழுகை முடிந்து, ஷார்ஜாவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. சவூதியில் அல் கோபாரிலிருந்து வந்திருந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்.

“எங்க கம்பெனிக்கு டிரைவர் தேடினோம் பாய். அந்தோணின்னு ஒருத்தன், தூத்துக்குடிக்காரன், கேட்டு வந்தான். நல்லாத்தான் ஓட்டுறான். ஆனா இங்க ஷார்ஜால டிரம் டிரம்மா பெட்ரோல் வித்தவனாமே? மாஃபி, வேலை இல்ல, போயிட்டு வான்னுட்டோம்.”

எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். டிரம்மா? எந்த டிரம்?

அந்தோணி வேலை பார்த்த ஷார்ஜா கடையில் நானும் இருந்தேன். நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்தோணிக்கு அந்த வேலை இன்னும் கிடைக்க வழி இருக்கிறது; இன்னும் வேறு ஆள் எடுக்கவில்லையாம். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் பைப், ஃபிட்டிங்ஸ் விற்கும் கடையில் ஸ்டோர் கீப்பர். கடைக்கு ஒரு பெரிய அமெரிக்கன் பிக்கப். எட்டு சிலிண்டர். சும்மா நின்றாலே குடிக்கும். ஓட்டியது அந்தோணி. மேனேஜர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம், எங்கள் பக்கம் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் ‘காக்கா’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வேளைத் தொழுகையிலும் முதல் வரிசையில் நிற்பவர்.

திடீரென்று வண்டி கண்டபடி பெட்ரோல் குடிக்க ஆரம்பித்தது. ராசல் கைமா போய் வந்தாலும் டேங்கில் மிச்சம் இருக்க வேண்டும்; பாதி வழியிலேயே முள் சாய்ந்துவிடும்.

ஒரு நாள் காலை, கடை நிறைய ஆள். வாடிக்கையாளர்கள் வேறு. காக்கா எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“ஏம்ப்பா, வண்டி குடிக்குதா? இல்ல வண்டிக்காரன் விக்கிறானா?”

சிலர் சிரித்தார்கள். அந்தோணி சிரிக்கவில்லை.

“நான் எடுக்கல சார்.”

“அப்ப பைபிளைத் தொட்டுச் சொல்லு.”

“பெட்ரோலுக்குப் போயி ஆண்டவர் பேரை இழுக்க மாட்டேன் சார். எடுக்கலன்னா எடுக்கல.”

“பாத்தீங்களா! சத்தியம் பண்ண மாட்டேங்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

எனக்கு ரத்தம் கொதித்தது. இறைவன் பெயருக்குப் பயந்தவன் திருடனா? ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்றல்லவா நம் வேதம் சொல்கிறது? முதல் வரிசையில் நின்று ஓதக் கேட்டது, பள்ளிவாசல் படி இறங்கியதும் மறந்துபோகுமா?

அன்றே சாவி பிடுங்கப்பட்டது. அந்தோணி ஸ்டோரில் என்னோடு பைப் தூக்கினான். ஊரிலிருந்து அவன் மனைவியும் கைக்குழந்தையும் வர விசிட் விசா கேட்டிருந்தான். அந்தப் பேப்பரும் நின்றது. பிறந்து அவன் பார்க்காத குழந்தை...

பிக்கப்பை யார் ஓட்டினார்? காக்காவின் மச்சினன் சாகுல். ஊரிலிருந்து புதிதாக வந்தவன், வெகுளி.

ஒரு வாரம் போனது. வண்டி அதே குடி!

இப்போது காக்கா என்ன சொன்னார் தெரியுமா? “எஞ்சின்ல ஏதோ கோளாறு போல. கராஜ்ல காட்டணும்.”

என்னால் பொறுக்க முடியவில்லை. “என்ன காக்கா இது? அந்தோணி ஓட்டினா களவு, சாகுல் ஓட்டினா கோளாறா?”

“நீங்க உங்க வேலையைப் பாருங்க” என்றார்.

அன்று மத்தியானமே டயர் ஒன்று வெடித்தது. சாகுல் ஒரு பட்டாணியரின் டயர் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தான். வந்தவன் கடை நடுவில் நின்று சத்தமாகச் சொன்னான்.

“மச்சான், அந்த ஆளு என்னைத் திட்டுறான். நாலு டயர்லயும் காத்தே இல்லையாம். இப்படி ஓட்டினா வண்டி பெட்ரோல் குடிக்காம சர்பத்தா குடிக்கும்னு கேக்கான். பின்னாடி கெடக்குற மண் மூட்டையையும் எறக்கச் சொன்னான். நான் என்ன செய்ய? நீங்கதானே வெள்ளிக்கிழமை பாலைவனம் போக வேணும், எறக்காதேன்னீங்க?”

காக்கா பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை தோறும் காக்கா நண்பர்களோடு அந்த பிக்கப்பில் மணலுக்குப் போவார். கறி சுட்டுச் சாப்பிட்டு, மணல் மேட்டில் ஏறி இறங்குவது இங்கே பலருக்கும் பொழுதுபோக்கு. மணலில் சக்கரம் புதையாமல் இருக்க டயர் காற்றை இறக்குவார்கள். பின்பக்கம் லேசாக இருந்தால் சறுக்கும் என்று மண் மூட்டை ஏற்றுவார்கள். திரும்பி வந்ததும் காற்றை அடித்து, மூட்டையை இறக்க வேண்டாமா? ‘அடுத்த வாரமும் போகத்தானே போறோம்’ என்று அப்படியே விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை பெட்ரோலைத் தன் கைக்காசில் போட்டுவிட்டதால் கணக்கு நேர் என்று நினைத்துக்கொண்டார். வாரம் முழுக்க அந்தத் தொய்ந்த டயரில், அந்தச் சுமையோடு, மேலே பைப்பும் ஏற்றி ஓடியது வண்டி. குடிக்காமல் என்ன செய்யும்?

காற்று அடித்தோம். மூட்டையை இறக்கினோம். மணல் அடைத்த ஏர் ஃபில்டரையும் மாற்றினோம். டீக்கடை முன்னால் ஹார்ன் அடித்து டீயை வண்டிக்கே வரவழைத்து, எஞ்சினை அணைக்காமலே குடித்து முடிக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொன்னேன். முள் பழையபடி நின்றது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க, பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு வித்தை தேவையில்லை.

“உனக்கு இது தெரியாதா அந்தோணி?” என்று கேட்டேன்.

“தெரியும் பாய். காத்து அடிக்கட்டான்னு கேட்டேன், வேணாம்னார். மணலுக்குப் போற சமாச்சாரம் அரபாபுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும், சொல்லிராதன்னு கேட்டுக்கிட்டார். சரின்னுட்டேன். சொன்னா சொன்னதுதான பாய்?”

அரபாப் என்றால் கடை முதலாளி. யாருடைய வேலையைக் காப்பாற்ற வாய் மூடினானோ, அவர்தான் இவனைத் திருடன் என்றார்!

காக்கா மன்னிப்புக் கேட்டாரா? அந்தோணியை கேபினுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, “நீ எடுக்கல, தெரியும். கலாஸ், முடிஞ்சுது, விட்டுரு” என்றாராம். திருடன் என்று சொன்னது நடுக்கடையில். இல்லை என்று சொன்னது கதவுக்குப் பின்னால். இது என்ன நியாயம்? கதவுக்குள் சொன்னது கதவுக்குள்ளேயே கிடந்தது. கடையில் சொன்னது கேம்ப் கேம்பாக, ரூம் ரூமாக நடந்து, கடல் ஓரமாகவே அல் கோபார் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒருவர் குறையை மறைக்கலாம். ஆனால் அந்த மறைப்பு இன்னொருவன் முகத்தில் கரியாகப் படிந்தால்? படைத்தவன் அதைக் கேட்காமல் விடுவானா?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சவூதியில், கத்தாரில், எங்கே இருந்தாலும் சரி. அந்தோணி பேச்சு வந்தால் இதைச் சொல்லுங்கள். அவன் ஒரு சொட்டு பெட்ரோலும் எடுக்கவில்லை என்று நாலு பேர் நடுவில் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். என் பேரில் உள்ள பிரியத்தில்கூட ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம்.

கூட்டிக் கூட்டி வந்ததுதானே அந்த டிரம்!