அஷ்டமிக்கு முந்தின நாள்

காய்ச்சல் விட்டால் நோயும் விட்டது என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மதுரையில் ஒரு மருத்துவமனையில் எக்கோ பார்க்கும் மருத்துவர் நான். இதயம் துடிப்பதைத் திரையில் பார்த்து, என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். ஆனையூர்ப் பக்கம் ஓர் அம்மன் கோயில் பூசாரி, இதய வால்வில் கிருமி தொற்றி எங்களிடம் படுத்திருந்தார். ஊசி மருந்தில் காய்ச்சல் இறங்கியதும் வீட்டுக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

“நாளைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி. இன்னைக்கே கெளம்பிர்றேன் டாக்டரம்மா,” என்றார். ஊருக்கே கல்யாணத்துக்கும் புதுமனை புகவும் நாள் பார்த்துச் சொல்கிறவர்.

அன்று காலை எடுத்த ஈ.சி.ஜி. எனக்குப் பிடிக்கவில்லை. இதயத்துக்குள் மின்சாரம் முன்பைவிடத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. நெஞ்சின் மேல் கருவியை வைத்துப் பார்த்த எக்கோவில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

“நெஞ்சு வழியாப் பாத்தா சில எடம் மறைக்கும். உணவுக்குழாய்க்குள்ள ஒரு குழாய விட்டு, இதயத்துக்குப் பின்பக்கமா இருந்து பாக்கணும்,” என்றேன்.

அவர் மனைவி சண்டைக்கே வந்துவிட்டார். “நல்லா இருக்குற மனுசனை எதுக்கு இம்புட்டு இம்சை பண்றீக?”

கெஞ்சினேன்; பிறகு கத்தினேன். கத்தியதுதான் வேலை செய்தது.

மதியம் வரை பட்டினி போட்டு, தொண்டையை மரத்துப்போகச் செய்து, குழாயை விழுங்க வைத்தேன். வால்வை ஒட்டிய சுவருக்குள் கறுப்பாக ஒரு பை, ஒவ்வொரு துடிப்புக்கும் சுருங்கி விரிந்தது. சீழ்க்கட்டி. மருந்து மட்டும் அதைக் கரைக்காது. மின்சாரம் போகும் பாதையை அது அரித்துக்கொண்டிருந்தது. துடிப்பு எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். படத்தை அவர் மனைவிக்கும் காட்டினேன்.

மறுநாள் காலையே அறுவை சிகிச்சை என்று முடிவானது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அஷ்டமியிலயா கத்தி வைக்கிறது? ரெண்டே நாள் தள்ளிப் போடுங்க தாயி.”

“ரெண்டு நாள் தாங்குமா?” என்று பூசாரி கரகரத்த குரலில் என்னைக் கேட்டார்.

“தாங்கும்னு என்னால சொல்ல முடியாதுண்ணே.”

அவர் மனைவி பக்கம் திரும்பி, “கிருஷ்ணன் பொறந்ததே அஷ்டமியிலதான். அழுகாத,” என்றார்.

“அவரு பட்ட பாட்டையும் சேத்துச் சொல்லுங்க,” என்று மூக்கைச் சிந்திக்கொண்டே போய்க் கையெழுத்துப் போட்டார் அந்த அம்மா.

கட்டியை அகற்றி வேறு வால்வு வைத்தார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும் முன் நெஞ்சின் மேல் கருவியை வைத்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். அந்த அம்மா நகரவில்லை.

“இப்படிப் பாத்தா மறைக்கும்னு நீங்கதான சொன்னீக? குழாயைப் போட்டே பாருங்க.”

“அடிப்பாவி!” என்றார் பூசாரி.

மறுநாள் காலை மறுபடி குழாயை விட்டேன். திரையை அந்த அம்மா பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, புது வால்வைச் சுற்றிலும் தேடினேன்.

“அந்தக் கறுப்பு இருக்கா?”

“இல்லக்கா.”

“இன்னொரு தடவை பாருங்க.”

வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். இன்னொரு தடவை பார்த்தேன். “இல்லக்கா, போயிருச்சு,” என்றேன். அந்த அம்மா கணவரின் காலைக் கட்டிக்கொண்டு தேம்பினார். வாயில் குழாயோடு பேச முடியாமல், அவர் கையை நீட்டி மனைவியின் தலையைத் தேடினார்.