மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு எழுத்துகள்

குழந்தை இறந்து நான்கு மாதம் கழித்து எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. ராசிபுரத்தில் குடியிருந்தோம். தினமும் பஸ் ஏறி நாமக்கல் போய் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு வருவேன். கூட வேலை பார்த்த ஒருவரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மிஷின் அது. அங்கே புது மாடல் வந்துவிட்டதால் தம்பி பழசை அண்ணன் தலையில் கட்டினார், அண்ணன் என் தலையில் கட்டினார். கட்டிக்கொள்ள நான் தயாராக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெண் குழந்தை. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என் மனைவிக்கு ஆபரேஷன், அதற்கு மேல் காய்ச்சல். அவள் கீழ்த்தளத்து வார்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள், குழந்தை மாடியில் இருந்தது. மேலே போய்வந்துகொண்டிருந்தவன் நான்தான். நான்காம் நாள் காலை நானும் அவளுடைய அண்ணனுமாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தோம்.

வீடு திரும்பிய பிறகு அவள் இரண்டு முறை கேட்டாள். "ஏனுங்க, புள்ள எப்படி இருந்துச்சு?" முதல் முறை, "இப்ப எதுக்கு அது" என்றேன். இரண்டாம் முறை, காலேஜுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.

மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை. எங்கள் பேச்சு சோறு, பால்காரர், தண்ணீர் வரும் நேரம் என்ற அளவில் சுருங்கிப்போயிற்று. நான் பதில் சொல்லாதவரை அந்த வீட்டில் வேறு எதுவும் நடக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கம்ப்யூட்டரை வாங்கினேன். பேசாமல் இருப்பதற்குக் கௌரவமான ஒரு காரணம் வேண்டியிருந்தது.

கையகலப் பெட்டி. மேலே ரப்பர் பட்டன்கள். அதைச் சின்ன டி.வி. ஒன்றோடு இணைக்க வேண்டும். எழுதியதைச் சேமிக்க டேப் ரெக்கார்டர். எங்கள் வீதி முழுக்கப் பட்டுத்தறிக்காரர்கள். டி.வி. வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, தறியை நிறுத்திவிட்டு ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். நான் பெருமையாக ஸ்விட்ச் போட்டேன். வெள்ளைத் திரையின் மூலையில் ஒரே ஓர் ஆங்கில எழுத்து கண் சிமிட்டியது. வெகுநேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"படம் எப்பங்க வரும், வாத்தியாரே?"

"இதான் படம்" என்றேன். எழுந்து போய்விட்டார்கள். அடுத்த நிமிடம் தறிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. என் மனைவி உள்ளே நின்று சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

முந்தைய கோடை விடுமுறையில் மெட்ராஸில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டரில், எழுதவும் திருத்தவும் ஓர் எடிட்டர் இருந்தது. அதற்கு இரண்டு நிலைகள். ஒரு நிலையில் பட்டனை அழுத்தினால் எழுத்து விழும். இன்னொரு நிலையில் அதே பட்டன் கட்டளையாகிவிடும். வரியை அழி, சொல்லைத் தாண்டு, கடைசிக்குப் போ என்று அது ஏவியதைத் திரை செய்யும். எனக்கு அதன் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி அந்த புரோகிராமை அச்சடித்து வாங்கி வந்திருந்தேன். அதைத்தான் இந்தச் சின்னப் பெட்டிக்குள் குடியேற்றுவது என்று முடிவு செய்தேன்.

பெரிய மிஷினின் மொழி சின்னதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் கையாலேயே உடைத்து, இந்த மிஷினுக்குப் புரிகிற எண்களாக மாற்றி, கிராஃப் நோட்டில் எழுதி, பிறகு ஒவ்வோர் எண்ணாக உள்ளே ஏற்ற வேண்டும். ஓர் எண் தப்பினால் திரை கோடு கோடாகக் கிழிந்து எல்லாம் நின்றுபோகும். மத்தியானத்தில் கரண்ட் இறங்கினாலும் அப்படித்தான். இடமும் கிடையாது. மெமரி மொத்தமே பதினாறு கே, அதாவது சுமார் பதினாறாயிரம் பைட். அதில் ஏழு கே-யைத் திரையே தின்றுவிடும். மீதியில் எடிட்டரும் இருக்க வேண்டும், எழுதுவதும் இருக்க வேண்டும். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் இடம் என்பதால் ஒவ்வொரு பைட்டுக்கும் நான் கஞ்சம் பிடித்தேன்.

வெட்ட ஆரம்பித்தேன். செய்ததைத் திரும்பப் பெறும் வசதியை முதலில் வெட்டினேன். பின்னோக்கித் தேடுவது அடுத்ததாகப் போயிற்று. மூலத்தில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எழுதியதைச் சேமிக்காமல் வெளியேறப் பார்த்தால் அது விடாது. 'மாற்றியதை இன்னும் சேமிக்கவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு அப்படியே நிற்கும். அதற்கு எண்பது பைட் ஆனது. இந்த வீட்டில் இதைத் தொடப்போகிறவன் நான் ஒருவன், நான் செய்வது எனக்குத் தெரியாதா என்ன என்று அதையும் வெட்டினேன். அதோடு, வெளியேறும்போது மெமரி முழுவதையும் துடைத்துச் சுத்தமாக வைக்கிற மாதிரியும் எழுதினேன். சுத்தத்தில் எனக்கு அக்கறை அதிகம்.

அந்த இடத்தில் மூலத்தில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்த்தேன். திரையின் அடிவரியில், இதுவரை எத்தனை எழுத்து ஆகியிருக்கிறது என்று காட்டும் எண்ணிக்கை. அதற்கு நூறு பைட்டுக்கு மேல் போயிற்று. அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் கிடையாது.

எடிட்டர் ஓரளவு ஓட ஆரம்பித்தபோது, சோதித்துப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன் என் மனைவி திருச்செங்கோட்டில் டைப்ரைட்டிங் படித்து ஹையர் பாஸ் செய்தவள். கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்து நாலு பட்டனை அழுத்தினாள்.

"பிஞ்சுக் கத்திரிக்காய அமுக்கற மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

ஆனால் அடித்தாள். நான் ஒரு வாரம் தேடியும் கண்ணில் படாத தப்புகளை அரை மணியில் கண்டுபிடித்தாள். "இங்க பாருங்க, ஒரு வரிய அழிச்சா அடுத்த வரியுஞ் சேந்து போகுது." "வேகமா அடிச்சா எழுத்தை முழுங்குது, பசியா இருக்குமாட்ட இருக்குது." நான் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடுவேன். திருத்திவிட்டுக் கூப்பிடுவேன். மறுபடி ஒரு தப்பைச் சொல்வாள். அப்படி மூன்று வாரம் போயிற்று. வாய்விட்டுச் சிரிக்கக்கூடச் செய்தாள். நான் சந்தோஷமாக இருந்தேன். பேச வேண்டியதைப் பேசாமலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன். இவ்வளவு சுலபமாகத் தப்பித்துவிட்டோமே என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் காலை கல்லூரிக்குக் கிளம்பும்போது அவளிடம் சொன்னேன். "அம்முணி, இன்னைக்கு மெமரி நெறையற வரைக்கும் எதையாச்சும் அடிச்சு வெய்யி. எங்க போயி ஒடையுதுன்னு பாக்கோணும். ஆஃப் பண்ணாம அப்படியே வெச்சிரு."

"எதையாச்சும்னா?"

"எது வேண்ணாலும்."

வாசல் வரை கூடவே வந்தாள். "நீங்க வந்து பாப்பீங்களல்ல?"

"பாக்காம?"

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தேன். அன்று கரண்ட் நிற்கவில்லை. அவள் தலை வாரி, பூ வைத்து, காபி டம்ளரோடு கதவருகே நின்றாள். நான் செருப்பைக் கழற்றியவுடன் நேராகத் திரைக்கு முன் போய் உட்கார்ந்தேன். அடிவரியைப் பார்த்தேன். மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. உடையவில்லை! மேலே திரை நிறைய ஆங்கில எழுத்துகள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் விரலுக்குப் பழக்கம் வர அர்த்தமில்லாமல் வரி வரியாக அடிப்பார்களே, அது என்று எடுத்துக்கொண்டேன். இவ்வளவு பாரத்தோடு ஒழுங்காக வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. வெளியேறும் கட்டளையை அழுத்தினேன்.

ஒழுங்காக வெளியேறியது. திரை வெளுத்தது.

"பிரமாதம்!" என்று திரும்பினேன்.

"படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"எத?"

அவள் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டம்ளரை மேஜை மேல் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

எனக்கு அதற்கப்புறம்தான் உறைத்தது. பின்னாலேயே போய், "என்ன அடிச்சிருந்தே?" என்றேன்.

"எதையாச்சும் அடிக்கச் சொன்னீங்க. அடிச்சனுங்க."

"மறுபடி ஒருக்கா அடியேன்."

"அதெல்லாம் ஒருக்காத்தானுங்க வரும்."

ஓடிவந்து மெமரியைத் தோண்டிப் பார்த்தேன். தொடக்கம் முதல் கடைசி வரை பூஜ்யம். என் புரோகிராம் துடைத்திருந்தது, துளி மிச்சமில்லாமல். மறுநாள் நாமக்கல் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது, முந்தைய நாள் கண் பார்த்து மனம் படிக்காத ஒரு துண்டு மேலே வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்: 'மூணு நாளும்'. அவள் தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறாள். எனக்கு எழுதியிருக்கிறாள். அன்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அந்த வாரமே எண்ணிக்கையைத் தூக்கி எறிந்துவிட்டு எச்சரிக்கையைத் திரும்ப வைத்தேன். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே ஓர் எழுத்தை அடித்து, வெளியேறும் பட்டனை அழுத்தினாள். அது நின்றது, இன்னும் சேமிக்கவில்லையே என்று கேட்டது. "நல்லா கேக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த ரப்பர் பட்டன்களைத் தொடவில்லை. தொட ஆளில்லாமல் எனக்கும் அது கசந்துபோயிற்று. சில மாதத்தில் பெட்டியைப் பரண் மேல் போட்டேன்.

அவள் எழுதியது என்னவென்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். வாயால் இரண்டு முறை கேட்டதை மூன்றாவது முறை எழுத்தில் கேட்டிருக்கிறாள், கூடவே என்னை நாலு வார்த்தை திட்டியும் இருப்பாள். அதற்குப் பதில் சொல்லும் தைரியம் வர எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. இதற்கிடையில் பையன் பிறந்தான்.

பையனுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பகல் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டித்தான் பஸ் போகும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் பையன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மல்லூர் வரும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்.

"நீ அன்னிக்குக் கம்ப்யூட்டர்ல கேட்டிருந்தியே, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதான் சொல்லல. மூணு நாளும் மேல போனேன். போயி மூஞ்சியப் பாக்கல. பயமா இருந்துச்சு. பெட்டி மேல ஒரு தெர்மாமீட்டர் இருந்துச்சு. முப்பத்தினாலுக்குக் கீழ போகக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்க. அதையே பாத்துட்டு நின்னுட்டு எறங்கி வந்துட்டேன். பொதைக்கறப்பவும் துணியத் தொறக்கல. உனக்குச் சொல்ல எனக்கு ஒண்ணுமே தெரியாது."

கண்டக்டர் வந்து யாரிடமோ சில்லறை கேட்டுச் சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

"நான் கேள்வி எதும் எழுதலீங்க" என்றாள்.

"பின்ன?"

"ரெண்டாம் நாளு மத்தியானம் அங்கிருந்த ஆயா என்னயக் கைத்தாங்கலா மேல கூட்டிட்டுப் போச்சு. டாக்டருக்குத் தெரிஞ்சா வைவாருன்னு யாருகிட்டயும் சொல்லல. நான் பாத்தனுங்க. நல்லாப் பாத்தேன். நீங்க ஆரம்பிச்சா நானுஞ் சொல்லலாம்னுதான் உங்களக் கேட்டேன். நீங்க வாயே தொறக்கல. செரி, எழுதியாச்சும் குடுப்போம்னு அன்னிக்கு உக்காந்தேன். மூணு நாளும் நெனப்புல இருந்ததெல்லாம் அடிச்சேன். மூக்கு, காது, வெரலு, கண்ணு தொறந்தது, எல்லாம்."

"இப்பச் சொல்லு" என்றேன்.

மடியில் தூங்கும் பையன் முகத்தில் விழுந்த வெயிலை முந்தானையால் மறைத்தாள்.

"அப்பெல்லாம் கண்ண மூடுனா அப்படியே தெரியும். இப்ப நெனச்சா இவன் மூஞ்சிதானுங்க வருது. அவளுது வரமாட்டேங்குது."

எங்கள் மகளைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.