பூமுடி இல்லாமல் வந்த மந்தை

நான் இருக்கும் அல்கொய் மலைப்பகுதியின் பெரும்பகுதி ஜேர்மனியில் இருக்கிறது, மிச்சம் ஒஸ்ரியாவில். கோடை தொடங்கியதும் பக்கத்து வீட்டுக்காரியின் மாடுகள் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கத்து மேய்ச்சலுக்கு ஏறிவிடும். அவற்றிடம் ஒருவரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. என் அகதி வழக்கு முடியாமல் கிடந்த காலத்தில் எனக்கு அடுத்த மாவட்டத்துக்குப் போகவே அனுமதி இல்லை. அந்த மாடுகளைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

செப்டெம்பரில் அவை இறங்கி வரும் நாள் இங்கே திருவிழா. மணிச் சத்தம் காதைப் பிளக்கும். மந்தைக்கு முன்னால் நடக்கும் மாட்டின் தலையில் பெரிய பூமுடி இருக்கும்.

போன செப்டெம்பரில் என் மனம் திருவிழாவில் இல்லை. மகள் பெரியபிள்ளையாகி இரண்டு வருடமாகியும் சாமத்தியச் சடங்கு நடக்கவில்லை. தாய்மாமன் தேங்காய் உடைத்து, தலையில் தண்ணீர் வார்க்க வேண்டும். எனக்கு ஒரே தம்பி. போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். பிராங்பேர்ட்டில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணையை அவன் இடத்தில் நிறுத்தலாம் என்றார் கணவர். ஊரிலிருந்து அம்மா போனில் கத்தினார்.

"அவன் வருவான். வேற ஆளை நிப்பாட்டினா, அவன் இல்லையெண்டு நாங்களே சொன்ன மாதிரி."

எனக்கும் அதே பயம்தான். அம்மாவே கத்திவிட்டதால் கணவரிடம் நான் நல்லபிள்ளையாக இருந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டாரின் மந்தை வந்தபோது முன்மாட்டின் தலை வெறுமையாக இருந்தது. அந்தக் கோடையில் பக்கத்து வீட்டுக்காரியின் கணவருக்குச் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. பூமுடி கட்ட நேரம் கிடைத்திருக்காது, பாவங்கள் என்று நினைத்தேன். ஊரில் பட்டிப்பொங்கலன்று மாலையில்லாமல் மாட்டை யார் விடுவார்கள்? வீட்டுக்கு ஓடி, சாமிப் படத்திலிருந்த செவ்வந்தி மாலையைக் கழற்றி வந்து அதன் கழுத்தில் போட்டேன். சுற்றி நின்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி கோபிக்கவில்லை. மாலையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, மேலே ஒரு கிடாரி பாறையில் சறுக்கி விழுந்து செத்துவிட்டது என்றார். மந்தையில் ஒன்று செத்தாலும் அந்த வருடம் பூமுடி இல்லையாம். அடுத்த வருடம் கட்டுவோம் என்றார்.

அந்த 'அடுத்த வருடம்' என்ற சொல்தான் என்னை உலுக்கியது. அவருக்குச் செத்தது தெரியும். ஒரு வருடம் பூவில்லாமல் இருந்துவிட்டுப் பிறகு பூ வைக்கலாம். நான் எத்தனை வருடம் இருப்பது? ஜேர்மனியிலேயே இருக்கும் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகிறேன், பட்டுச் சேலை கட்டுகிறேன், சிரிக்கிறேன். ஆனால் கூட்டத்தில் தம்பியின் வயதுக்காரர் ஒருவரையும் முகம் பார்க்காமல் கடக்க முடிவதில்லை. அவன் எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் இதைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அம்மா, எனக்குச் சடங்கு செய்யாட்டிலும் பரவாயில்லை. ஆனா மாமா வருவார், மாமா வருவார் எண்டு சொல்லிச் சொல்லி இப்ப எனக்கு அவரிலை கோவம் வருது."

அவனை அவள் ஒருநாளும் கண்டதில்லை. கண்டிருந்தால் அவன் தோளை விட்டு இறங்கியிருக்க மாட்டாள். அவளுக்கு அவனில் கோபம் வர நான் விடமாட்டேன். உடனே அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

"அம்மா, சடங்கை வைக்கப்போறன். அண்ணை தண்ணி வார்க்கட்டும்."

அம்மா முந்தியைப் போலக் கத்துவார் என்றுதான் நினைத்தேன்.

"ஓம் பிள்ளை, செய்," என்றார் அம்மா. "மாமனுக்கு வேட்டி சேட்டு எடுக்கேக்க தம்பிக்கும் ஒரு சோடி எடுத்து வை. சின்ன அளவா எடு. அவன் நல்லா மெலிஞ்சிருப்பான்."