வாத்து முட்டை கொண்டு போன நாள்

பர்மாவில், தின்கன்ஜூன் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டின் பின்புறத்தில் துணி காயப் போடும் கயிறு ஒன்று இருந்தது. கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே அந்தக் கயிற்றைப் பார்த்துத் திகைத்து நின்றேன். கால் விரல்களில் எழும்பிக் கையை நீட்டினாலும் எட்டவில்லை. ஈரத்துணி வாளியோடு நான் விழிப்பதைப் பார்த்த மாமியார் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். "அது துணிக்குக் கட்டுனது இல்ல மவளே. எம் மவளுக்குக் கட்டுனது. நாமதான் ஏறி எறங்கணும்" என்றார். வாலிபால் வலை எந்த உயரத்தில் கட்டப்படுமோ அந்த உயரத்தில் என் நாத்தனார் அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தாள். காலையிலும் மாலையிலும் அதற்கு மேலே எழும்பிப் பந்தை அடிப்பாள். போர்வைகள் காயும் நாட்களில் ஆள் தெரியாது. போர்வைக்கு மேலே ஒரு இடது கை மட்டும் எழுந்து மறையும், அடுத்த வீட்டுச் சுவரில் பந்து மோதும் சத்தம் கேட்கும், அடுத்த வீட்டுக்காரர் பர்மியில் திட்டுவார்.

நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க வராது. கடைக்குப் போனால் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிப் போன பிறகுதான் என் முறை வரும். என் கணவர் கப்பலில் வேலை பார்த்தார், வருஷத்தில் பெரும்பகுதி கடலில் இருப்பார். மாமனார் முன்பே காலமாகிவிட்டார். ஆகவே வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். மாமியாருக்குச் சத்தம், நாத்தனாருக்குத் துள்ளல், எனக்கு அடுப்படி. நாத்தனார் என்றால் சண்டைக்காரி என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு வாய்த்தவளோ, கோயிலில் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் எனக்குப் பதிலாகத் தானே பதில் சொல்லி என்னைக் காப்பாற்றுகிறவளாக இருந்தாள்.

மாணவர் போராட்டத்தால் வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த கல்லூரிகள் மறுபடி திறந்து, மாணவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. ஊருக்கு வெளியே, பஸ் போய்ச் சேரவே வெகுநேரம் ஆகும் ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. வாலிபால் அணியில் சேர்ந்தவர்களுக்கு விடுதியில் கட்டில் இலவசம், காலையில் ஓர் அவித்த முட்டை அதிகம். கூலி என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்கள் ஆடும் நாளில் அரங்கம் நிரம்பி வழியும். நுழைவுச் சீட்டு விற்பார்கள். சீட்டுக் காசில் கல்லூரிக்குப் புது மேடை கட்டினார்கள், வாசலுக்குக் கம்பிக் கதவு போட்டார்கள். நாத்தனார் சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது சிரித்துக்கொண்டே சொல்வாள்: "மதினி, அந்தக் கதவுல பாதி என்னோடது. முட்டை தின்னுட்டு நான் போட்ட கதவு."

அந்தச் சிரிப்பு ஒரு சனிக்கிழமை நின்றுபோனது. அவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் தோழி, பக்கத்துக் கட்டில்காரி, ஆட்டத்தில் விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டாள். இனி இந்த வருஷம் ஆட முடியாது என்று வைத்தியர் சொன்னதும் அவளுடைய கட்டிலை வேறொரு ஆட்டக்காரிக்குக் கொடுத்துவிட்டார்கள். வாடகைக்கு இடம் பிடிக்க வழியில்லாத அந்தப் பெண், படிப்பை விட்டு ஊருக்குப் போனாள். அவளுடைய தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டு வந்த என் நாத்தனார், அன்று சோற்றைத் தொடவில்லை. "ஆடுற வரைக்கும்தான் கட்டில் மதினி. முழங்கால் போச்சுன்னா முட்டையும் போச்சு, படிப்பும் போச்சு" என்றாள்.

அதற்குச் சில வாரங்களில்தான் க்யிம்யிண்டைங் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து அவளைத் தங்கள் அணிக்குக் கேட்டு ஆள் வந்தது. அங்கே கணக்குப் பதிவு வகுப்பு இருந்தது. அதைத்தான் அவள் முதலிலிருந்தே படிக்க விரும்பினாள். அதோடு அந்த அணியில் ஆடுகிறவர்களுக்கு மாதாமாதம் 'மொன்போ' கொடுத்தார்கள். பலகாரம் வாங்கித் தின்னக் கொடுக்கும் காசு என்று அர்த்தம். சம்பளம் என்று சொன்னால் மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்று பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள், பலகாரக் காசு என்றால் யாரும் வாயைத் திறக்க முடியாது. அடிபட்டாலும் கட்டில் போகாது என்றும் சொன்னார்கள். மாமியார் கேட்டதும் கையை உதறினார்.

"பொட்டப் புள்ள பந்து அடிக்கக் காசா? ஊரு சிரிக்காது?"

"ஊரு சீட்டு வாங்கித்தாம்மா பாக்க வருது" என்றாள் மகள்.

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து, அவளுக்குக் கேட்காதபடி, "எவ்வளவு குடுப்பாங்களாம்?" என்றார்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. கல்லூரிகளுக்கிடையே அப்போது ஒரு விதி: ஓர் அணியிலிருந்து வேறு அணிக்குப் போகிறவர் ஒரு வருஷம் முழுவதும் ஆடாமல் உட்கார வேண்டும். பழைய கல்லூரியின் விளையாட்டுத் தலைவர் மனமொப்பி விட்டால் மட்டும் உடனே ஆடலாம். ஆடாத பெண்ணுக்குப் புதுக் கல்லூரியில் கட்டிலும் கிடையாது, மொன்போவும் கிடையாது. அது இல்லாமல் படிக்க வைக்க எங்கள் வீட்டால் முடியாது. தலைவர் விட்டால் அவள் கணக்குப் படிப்பாள், விடாவிட்டால் பழைய இடத்தில் முழங்காலை நம்பிக் கிடக்க வேண்டும்.

விளையாட்டுத் தலைவரை எல்லோரும் சயாஜி என்றே அழைத்தார்கள். மூத்த ஆசிரியருக்கு அங்கே அதுதான் மரியாதைச் சொல். வீட்டுப் பெரியவர் வந்தால்தான் பேசுவேன் என்று அவர் சொல்லிவிட்டார், மாமியாருக்குக் கால் வீக்கம் என்பதால் நான் போக வேண்டியதாயிற்று. நாத்தனாரோடு போனேனே தவிர நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சயாஜி கெட்டவர் இல்லை. வேட்டியைப் போல வெளுத்த சட்டையும் நரைத்த புருவமுமாக, அவளிடம் நிதானமாகப் பேசினார். "படிக்க வந்த பிள்ளைக்குக் காசு கொடுத்தால் அது மாணவி இல்லை, கூலியாள். சரி, அதை விடு. இன்று உன்னை விட்டால் நாளைக்கு ஒவ்வொருத்தியாகப் போவீர்கள். காசுள்ள கல்லூரி நல்ல ஆட்டக்காரிகளை எல்லாம் அள்ளிக்கொள்ளும். எங்களைப் போன்ற கல்லூரிக்குக் கம்பமும் வலையும்தான் மிஞ்சும்" என்றார். அதில் நியாயம் இருந்தது. இன்றும் நான் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். "அப்படின்னா எங்களை நிறுத்தி வைக்க நீங்களும் ஏதாவது கொடுங்கள் சயாஜி" என்றாள் என் நாத்தனார். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "கொடுக்கவில்லையா? எங்கள் முட்டையைத் தின்று வளர்ந்த கை, எங்களுக்கு எதிராகவே அடிக்கப் போகிறதா?"

வீட்டுக்கு வந்து நடந்ததை மாமியாரிடம் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை நான் விட்டிருக்கலாம். அதையும் சொல்லிவிட்டேன். மாமியார் கையிலிருந்த கீரையைக் கீழே போட்டார். "முட்டைக் கணக்கா சொன்னாரு? எம் மவ எவன் வூட்டு முட்டையையும் சும்மா தின்னவ இல்ல!" என்றார். அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். யார் வீட்டில் சாப்பிட்டாலும் சாப்பிட்டதைச் சொல்லிக் காட்டினால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. பர்மியர்களிடம் அது அப்படியல்ல, ஆசிரியர் தான் செய்ததைச் சொல்லிக் காட்டுவது உரிமை, பெற்றோர் சொல்லிக் காட்டுவதைப் போல. இந்த வித்தியாசம் மாமியாருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மறுவாரம் நடந்தது நடந்திருக்காது.

மறுவாரம் தடின்ஜூட் விளக்குத் திருவிழா. அந்த நாட்களில் மாணவர்கள் ஆசிரியர்களுக்குக் 'கடோ' செய்வார்கள். அதாவது கைகூப்பி மண்டியிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்பை எல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி, காணிக்கைத் தட்டை முன்னால் வைப்பார்கள். லுங்கி, சோப்பு, பிஸ்கட் டப்பா, பழம் என்று தட்டில் இருக்கும். ஆசிரியர் பொறுத்துக்கொண்டேன் என்று சொல்லி வாழ்த்துவார். அன்று அவர் யார் மேலும் கோபப்படலாகாது, கொடுத்த எதையும் வேண்டாம் என்று தள்ளலாகாது. வீட்டார் வந்து வைப்பதும் உண்டு. நாத்தனார் அணிப் பெண்களோடு முன்னாலேயே போய்விட்டாள். காணிக்கையை நான் கொண்டுவருவதாக ஏற்பாடு. கிளம்பும்போது மாமியார் என் கையில் துண்டு போட்டு மூடிய ஒரு கூடையைத் தந்து, சயாஜியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். கூடை கனத்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, யாரும் இடித்துவிடக் கூடாதே என்று முழங்கைகளை அகட்டிக்கொண்டு போனேன்.

அரங்க வாசலில் நாத்தனார் துண்டைத் தூக்கிப் பார்த்தாள். கூடை நிறைய முட்டை.

"ஐயோ மதினி! இது என்ன கடோவா, சண்டையா?"

"அத்தை குடுத்து விட்டாங்க."

"அம்மா கெடுத்துட்டாங்களே! வச்சிட்டு ஓடிப் போயிருங்க மதினி, கையக் காலப் புடிச்சுக் கேக்கிறேன்."

ஓட முடியவில்லை. வரிசை பின்னாலிருந்து தள்ளியது. அணிப் பெண்கள் எல்லோரும் மண்டியிட்டார்கள், நானும் மண்டியிட்டேன். தட்டுகளை ஒவ்வொன்றாக முன்னால் நகர்த்தினார்கள். என் கூடை நகர்ந்தபோது துண்டு சரிந்துவிட்டது. சயாஜி குனிந்து பார்த்தார். "இது யாருடையது?" என்று கேட்டார். என் நாத்தனார் எனக்காக வாயைத் திறந்தாள். எப்போதும் அவள்தானே எனக்காகப் பேசுவாள். ஆனால் அன்று அவள் பேசினால் அது அவளுக்கே வினையாகும் என்று எனக்குப் பட்டது. அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு நானே சொன்னேன், என் அரைகுறை பர்மியில். "பிள்ளையின் அம்மா கொடுத்தனுப்பினார். பிள்ளை உங்களிடம் சாப்பிட்ட முட்டை இதோ இருக்கிறது." இன்னும் பாதி பாக்கி இருந்தது. அதையும் சொன்னேன். "பிள்ளை உங்களுக்கு ஜெயித்துக் கொடுத்ததை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லச் சொன்னார்."

சயாஜி ஒரு முட்டையைக் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது வாத்து முட்டை. நாங்கள் கொடுத்தது கோழி முட்டை."

மண்டியிட்டபடியே, குனிந்த தலையை நிமிர்த்தாமல், என் நாத்தனார் சொன்னாள்: "வட்டி, சயாஜி."

முதலில் சிரித்தது பக்கத்து நாற்காலியில் இருந்த ஆசிரியைதான். பிறகு பெண்கள், பிறகு அரங்கம் முழுவதும். சயாஜி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கிய பிறகு கையிலிருந்த முட்டையைக் கூடையில் திருப்பி வைத்தார். "முழங்கால் போன அந்தப் பெண் ஊரில்தான் இருக்கிறாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள் நாத்தனார். "அவளுக்கு யாரும் கூடை கொண்டுவரவில்லை" என்று தனக்கே சொல்லிக்கொள்வதைப் போலச் சொன்னார். பிறகு கையை உயர்த்தி எல்லோரையும் வாழ்த்தினார். எங்கள் பக்கம் திரும்பி, "நான் மனமொப்பி விடுகிறேன். இந்த வருஷமே ஆடு. ஆனால் பழைய சோற்றை நினைத்து எங்கள் பக்கம் மட்டும் மெதுவாக அடித்தாய் என்று தெரிந்தால், அப்போது எனக்கு நிஜமாகவே கோபம் வரும்" என்றார்.

அவள் மெதுவாக அடிக்கவில்லை. அந்த வருஷம் இரண்டு கல்லூரிகளும் இறுதி ஆட்டத்தில் மோதின. மாமியார் வீங்கிய காலோடு முன் வரிசையில் உட்கார்ந்து, "போடுட்டி அதை!" என்று தமிழில் கத்த, சுற்றியிருந்த பர்மியப் பெண்கள் அர்த்தம் தெரியாமலே அதைத் திருப்பிக் கத்தினார்கள். கடைசி அடி இரண்டு பேரின் கைகளுக்கு நடுவே கோட்டுக்குள் விழுந்தபோது, பழைய அணிப் பெண்கள் தோற்றதை மறந்து வலைக்கு அடியில் குனிந்து ஓடி வந்து அவளைத் தூக்கினார்கள். அவர்களுக்கு அதில் பங்கு இருந்தது. அவள் போன பிறகு சயாஜி தன் கல்லூரியிலும் மொன்போ ஆரம்பித்துவிட்டார், ஆடுகிறவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே அளவு. முழங்கால் போன பெண்ணுக்குச் சொல்லியனுப்பிக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்தார், அவளும் படிப்பை முடித்தாள். மறுவருஷம் வேறு கல்லூரிகளிலிருந்து மூன்று பெண்கள் அவரிடம் சேரக் கேட்டு வந்தார்கள். கம்பமும் வலையும்தான் மிஞ்சும் என்று பயந்த மனிதருக்குக் கட்டில் போதவில்லை.

இப்போது என் நாத்தனார் போட்டாதாங்கில் படகுத்துறைக்கு எதிரே ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். கல்லூரிப் போட்டிகளை நடத்தும் குழுவிலும் இருக்கிறாள். காசு கொடுக்கலாமா, எத்தனை பேர் இடம் மாறலாம் என்று அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. கூட்டம் முடிந்து வந்தால் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லுவாள். ஆடாமல் ஒரு வருஷம் உட்கார வேண்டும் என்ற அந்த விதியை எடுத்துவிட்டார்கள். எடுக்க வைத்தவர்களில் அவளும் ஒருத்தி.

போன மாதம் ஒரு ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். உயரமான ஒரு பெண் எழும்பி எழும்பி அடித்தாள், கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்தப் பெண் அதற்கு முந்தின மாதம் வரைக்கும் எதிரணியில் இருந்தவள் என்று நாத்தனார் என் காதில் சொன்னாள். நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, யாரும் கேட்கவில்லை. எதிரணிப் பெண்கள்கூட அவள் நல்ல அடி அடித்தபோது கை தட்டினார்கள்.

"பாத்தீங்களா மதினி," என்றாள் என் நாத்தனார், "யாரும் முட்டைக் கணக்கு கேக்கல."

அடுத்த பந்து மேலே எழுந்தது. "போடுட்டி அதை!" என்று யாரோ பக்கத்தில் உரக்கக் கத்தினார்கள். நாத்தனாரும் முன் வரிசையில் இருந்தவர்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.