தலைவலி மாத்திரையும் என் வாயும்

சிவாஜிநகரில் ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை. தமிழில் பேசி, கன்னடத்தில் குழைந்து, உருதுவில் சத்தியம் செய்து, சும்மா பார்க்க வந்தவளையும் வாங்க வைத்துத்தான் அனுப்புவேன். முதலாளி எனக்குச் சம்பளம் கொடுத்தது என் வாய்க்காகத்தான். வீட்டிலும் அதே வாய்தான். என் கணவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே எத்தனை பேரை அதட்டுவாரோ தெரியாது, வீட்டில் என்னோடு சண்டை போட்டு ஒருநாளும் ஜெயித்ததில்லை. பாதியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் வாசல் வரை போய் மிச்சத்தையும் சொல்லி முடிப்பேன். நல்லவள் என்று பெயர் எடுக்க எனக்கு ஆசை இருந்ததே இல்லை.

அப்படிப்பட்டவளைத் தலைவலி வந்து மடக்கியது. வலது கண்ணுக்குப் பின்னால் தொடங்கிப் பாதித் தலையைப் பிடித்துக்கொள்ளும். குமட்டும். வாந்தி எடுத்தால்தான் விடும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, ஊதுவத்தி வாசனை ஆகவே ஆகாது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பித்தம் என்று ஒருத்தி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள். திருஷ்டி என்று பக்கத்து வீட்டுக்காரி மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டாள், அந்தக் கமறலில் இன்னொரு வலி வந்தது. "வாய மூடிட்டு இருந்தா தலை ஏன் வலிக்குது?" என்றார் கணவர். நான் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி வாங்கி விழுங்கினேன். மதியச் சோறு இல்லாத நாள் உண்டு, மாத்திரை இல்லாத நாள் கிடையாது.

கடைசியில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். மைக்ரேன் என்றார். கடையின் வெள்ளை விளக்கு, நேரத்துக்குச் சாப்பிடாதது, தூக்கம் கெடுவது, மாதவிலக்கு எல்லாம் அதைக் கிளப்பிவிடுமாம். "ஆனா தினம் தினம் வலிக்க வெக்கிறது நீங்க முழுங்குற வலி மாத்திரைதாம்மா. அதையே ஓயாம போட்டா அதுவே தலைவலிய கொண்டாரும்" என்று திட்டினார். வலி மாத்திரையைக் குறைக்கச் சொல்லி, வலி வராமல் தடுக்கத் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு போட ஒரு மாத்திரை எழுதினார். பக்கத்து நாற்காலியில் கணவர் அக்கறையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கும் வலி. டாக்டர் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை.

புது மாத்திரைக்கு வலி கேட்டது, அதில் பொய் இல்லை. மாதம் பாதி நாள் படுத்துக்கிடந்தவள் எழுந்து நடமாடினேன். விரல் நுனிகளில் மட்டும் சுருசுருவென்று ஒரு மரமரப்பு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வார்த்தைகள் தொலைய ஆரம்பித்தன. ஒரு புடவையை விரித்துக் காட்டி, "இது வந்து..." என்று நின்றேன். அரக்கு. இருபது வருடமாகச் சொன்ன நிறம். அது போனதும் மாந்துளிர் போனது, மயில்கழுத்து போனது. வெங்காயச் சருகு நிறத்தைக் கேட்டவளிடம், "வெங்காயம் உரிச்சா வருமே, அந்தக் கலர்" என்றேன். அவள் கூட வந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். கன்னடத்தில் விலை பேசும்போது நாக்கு அப்படியே நின்றுவிடும். முதலாளி சில நாள் பார்த்தார். "கஸ்டமர் நிக்கிறாங்க, நீ யோசிச்சிட்டு இருக்கியேம்மா. கொஞ்ச நாள் மேல போய்ப் புடவை மடி. தீபாவளிக்குள்ள சரியாகலைன்னா நான் வேற ஆள் பாத்துக்கணும்" என்றார். தூசி பிடித்த அறையில் உட்கார்ந்து மடித்தேன். கீழே என் இடத்தில் ஒரு சின்னப் பெண் எல்லா நிறத்தையும் 'பிங்க்' என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க வயிறு எரிந்தது.

வீட்டில் என் கணவருக்கு நல்ல காலம் பிறந்திருந்தது. இப்போதெல்லாம் சண்டையை அவரே தொடங்கினார். "நீங்க அன்னைக்கு என்னை அந்த... அந்த..." என்று நான் தடுமாறினால், கையைக் கட்டிக்கொண்டு "எந்த?" என்பார். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு அவரே ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுப்பார், தனக்குத் தோதான வார்த்தையாக. பேச்சு அத்தோடு முடிந்துபோகும். மாத்திரையும் தண்ணீரும் அவர் கையாலேயே வந்தன. "இப்பத்தான் குடும்பப் பொம்பளையா இருக்கா" என்று போனில் தன் அக்காவிடம் சொன்னார், நான் கேட்கும்படியே.

எனக்கு மூளை கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பயம். அவரிடம் சொன்னால், "வயசாவுதில்ல" என்றார். டாக்டரிடம் போகலாம் என்றால், "நான் போன்ல கேட்டுட்டேன், எல்லாம் சரியாத்தான் இருக்காம். மாத்திரைய மட்டும் விடக்கூடாதாம்" என்றார். நம்பினேன். வாயாடிகளை ஏமாற்ற முடியாது என்று நினைக்கிறவர்கள் என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

தீபாவளி நெருங்கியபோது, கடையில் லீவு சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன்.

"எனக்கு... பேசறப்ப... இந்த..."

"வார்த்தை வர மாட்டேங்குதா?" என்றார் டாக்டரம்மா. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்குக் கோபம். "மொத நாளே சொன்னேனேம்மா! இந்த மாத்திரை சிலருக்கு அப்படிப் பண்ணும், வந்தா உடனே வாங்க, வேற மாத்தித் தரேன்னு. உங்க வீட்டுக்காரர் கிட்ட ரெண்டு வாட்டி சொன்னேன்."

"அவரு போன்..."

"பண்ணாரே, போன மாசம். வார்த்தை தடுமாறுதான்னு நானே கேட்டேன். அதெல்லாம் இல்ல, நல்லா பேசறான்னாரு." டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "டோஸ இன்னும் கொஞ்சம் கூட்டலாமான்னு கேட்டாரும்மா. வலிதான் நின்னுடுச்சே, எதுக்குன்னேன். சும்மா ஒரு சேஃப்டிக்குன்னாரு."

அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொல்லி, வேறொன்று எழுதிக் கொடுத்தார். போன வார்த்தையெல்லாம் திரும்பி வந்துவிடும், சில வாரம் ஆகும் என்றார்.

சில வாரம் பொறுக்கிற ஆள் இல்லை நான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் கணவரை என்ன சொல்லிக் கேட்பது என்று வழி முழுக்க மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். வீட்டில் அவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த மருந்துச் சீட்டைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"டாக்டரம்மாவ பாத்தியா? என்னா சொன்னாங்க?"

இதைவிடச் சின்னத் தப்புக்கெல்லாம் ஆட்டோக்காரர்களை எத்தனை வார்த்தை சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்று, ஒரே ஒன்று வேண்டியிருந்தது. "நீங்க... நீங்க ஒரு..." என்று நின்றேன். வார்த்தை வரவில்லை.

அவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். சோபாவில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். "அவசரம் இல்லம்மா. நிதானமா யோசிச்சுச் சொல்லு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதே இல்லை.