எழவு வீட்டில் வராத வரி

படிப்பவர் எந்தச் சொல்லைத் தொடுகிறாரோ அதற்கேற்பப் பாதை மாறுகிற கதை ஒன்றைக் கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தெரு, ஏழு வீடு. எந்த வீட்டுக்கும் எந்த வரிசையிலும் போகலாம். கிளம்பும்போது "போயிட்டு வாரேனுங்க" என்ற வரியைத் தொட வேண்டும்.

பாதிக் கதையில் நாலாம் வீட்டில் ஒரு சாவு விழும். எழவு வீட்டில் யாரும் போயிட்டு வாரேன் என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து வந்துவிடுவோம். அதனால் அந்த வீடு வருகிற ஒவ்வொரு பக்கத்திலும், சாவு நடந்திருந்தால் இந்த வரியைக் காட்டாதே என்று கையாலேயே எழுதி வைத்தேன். பீளமேட்டு ஐ.டி. கம்பெனியில் பகலெல்லாம் அடுத்தவர் எழுதும் கம்ப்யூட்டர் கோடில் தப்பு கண்டுபிடிப்பதுதான் என் வேலை. என் கோடில் தப்பு வருமா என்ற திமிர் வேறு.

ஒரே ஒரு பக்கத்தில் மறந்திருந்தேன். படிக்கச் சொல்லிப் போனில் கொடுத்தபோது, அம்மா நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போனாள். அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. வரியைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எழவு ஊட்டுல இப்படிச் சொல்லுவாங்களா கண்ணு?" என்றாள். அப்புறம் அதைத் தொடவே இல்லை. முதலில் அவள்மேல்தான் எரிச்சல் வந்தது, கதைதானே என்று. பிறகு வெட்கமாகிவிட்டது. நான் எழுதியதே அவள் படிக்கத்தான்.

கையால் எழுதியதையெல்லாம் அழித்தேன். எல்லாப் பக்கமும் கூப்பிட்டுக் கேட்கிற மாதிரி ஒரே கட்டளையாக, சொந்தமாக ஒரு மேக்ரோ எழுதினேன். இந்த வீட்டில் சாவு நடந்ததா, கருமாதி முடிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அது வரியைக் காட்டும். முதல் ஓட்டத்திலேயே மானம் போனது. நாலாம் வீட்டில் சாவு விழுந்ததும் ஏழு வீட்டிலும் வரி காணாமல் போய், யார் வீட்டுக்குப் போனாலும் வாயை மூடிக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஞாபகம் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. கொடுத்தேன். மொத்தமே பதினோரு வரிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடிப் போனைக் கொடுத்தேன். அவள் லேசுப்பட்டவளா? முன்வாசல் வழியாக, கொல்லை வழியாக, பக்கத்து வீட்டுக்காரியோடு சேர்ந்து என்று மூன்று விதமாக அந்த எழவு வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். மூன்று தடவையும் "எழுந்து நடக்கிறீர்கள்" என்று மட்டும் வந்தது. குதிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. அடக்கிக்கொண்டேன்.

கதையில் கருமாதி முடிந்தபின் மறுபடி அதே வீட்டுக்குப் போனாள். கிளம்பும் இடத்தில் "போயிட்டு வாரேனுங்க" திரும்ப வந்திருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவுக்குக் கருமாதி முடிஞ்ச மக்யா நாளு விடியால, பால்காரருதான் மொதல்ல வாரேனுங்கம்மான்னு சொன்னாரு. அப்பத்தான் நம்ம ஊடு மறுபடி ஊடாச்சு கண்ணு" என்றாள்.

பிறகு அந்த வரியைத் தொட்டு, கடைசிப் பக்கம்வரை படித்து முடித்தாள். நான் ஜெயித்துவிட்டேன்.